பத்தொன்பது நாள் பெரியவன்

லாலாகுடா
3 மார்ச் 2025

மேற்கு மாரெட்பள்ளி சமஸ்தானத்தின் மகாராணியும் எனக்கு வாய்த்த ஒரே தங்கையுமான விஜயகுமாரிக்கு,

அண்ணன் ஜம்புநாதன் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. இந்தக் கடிதத்தில் ஒரு கதை சொல்லப் போகிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், யாரும் நம்ப மாட்டார்கள். நீ நம்ப மாட்டாய். உன் வீட்டுக்காரர் பாலச்சந்திரன் நம்ப மாட்டார். அவர் காலண்டரில் தேதி கிழித்துவிட்டு, சரியாகத்தான் கிழித்தோமா என்று பக்கத்து வீட்டில் போய்க் கேட்கிற ஆள். தபால்காரர் உறையைத் தொட்டவுடனேயே சிரித்துவிடுவார்.

நீ என் நம்பரை ப்ளாக் செய்து இருபது நாள் ஆகிறது. நம் இரண்டு வீட்டுக்கும் நடுவே இருப்பது இரண்டு கிலோமீட்டர். அதைக் கடக்க என் கடிதம் இரண்டு மூன்று நாள் எடுத்துக்கொள்கிறது. வழியில் காசிக்குப் போய் முழுக்குப் போட்டுவிட்டு வருகிறது என்று நினைக்கிறேன்.

நேற்று உன் வக்கீலின் குமாஸ்தா வந்தான். ஒரு தாளை நீட்டி, "இங்க ஒரு சைன், இங்க ஒரு சைன்" என்றான். படித்தேன். 'அறுபத்தேழு வயதான ஜம்புநாதன் ஆகிய நான், 2015 ஜூனில் என் தங்கை மகன் சரத்தை முதல் வகுப்பில் சேர்த்தபோது கொடுத்த 11-11-2009 என்ற பிறந்த தேதி சரியானதே. 25ஆம் தேதி சிறார் நீதி வாரியத்தின் முன் நேரில் வந்தும் இதைச் சொல்வேன்.' என்ன நடை, என்ன கம்பீரம். இதில் என் வயது ஒன்றுதான் சரி.

இனி கதை. ரயில்வே ஒர்க்‌ஷாப் ஆபீசில் முப்பத்தெட்டு வருடம் குமாஸ்தாவாக இருந்த இந்த ஜம்புநாதன், உண்மையில் இரண்டாவது பிரம்மா. முதல் பிரம்மா பிள்ளைகளைப் படைத்து அனுப்புவார். நான் அவர்களின் வயதைத் திருத்துவேன். தெலுங்கு ஊரில் இருக்கிற இந்த ரயில்வே காலனியில் பள்ளிக்கூடம் சேரப் போன ஒவ்வொரு பிள்ளையின் விண்ணப்பமும் என் மேஜைக்கு வந்துதான் போனது. மூவாயிரம் பிள்ளைகள். ஆளுக்கு ஒரு வருடம் கழித்தேன். அப்படிக் கழித்த மூவாயிரம் வருடத்தையும் கோணிப்பையில் கட்டிப் பரணில் போட்டிருக்கிறேன். அதில் அவ்வப்போது ஒரு பிடி எடுத்து உபயோகிப்பதால்தான் எனக்கு இன்னும் முடி நரைக்கவில்லை. நீ சாயம் என்பாய். பொறாமை.

எதற்காகக் கழித்தேன்? காகிதத்தில் ஒரு வயது குறைந்தால், நாளைக்கு சர்க்கார் வேலை கிடைத்தபின் சர்வீஸ் ஒரு வருடம் நீளும். பிள்ளைக்குப் பால் பல் விழுவதற்குள் அதன் ரிட்டையர்மெண்டைப் பற்றி யோசிக்கிற சாதி இந்த உலகத்தில் நாம் ஒன்றுதான். பெற்றவர்கள் வெட்கப்படவே இல்லை. ஸ்வீட் டப்பாவோடு வந்தார்கள்.

வராதவன் ஒருவன் இருந்தான். ஃபிட்டர் ரகுநாதன். 2015 ஜூனில் சரத்தைக் கூட்டிக்கொண்டு நான் பள்ளி வரிசையில் நிற்கிறேன்; எனக்கு முன்னால் அவன், மகன் சீனுவின் கையைப் பிடித்தபடி. "ரகு, ஃபாரத்தைக் கொடு, ஒரு வருஷம் குறைச்சுத் தர்றேன்" என்றேன். "வேணாம் சார். அவன் பொறந்த தேதி அவனோடது. அதுல நான் எதுக்குக் கை வைக்கணும்?" என்றான். தலைமையாசிரியர் காதில் விழும்படி அவனை முட்டாள் என்றேன். வரிசையே சிரித்தது. அவன் ஒழுங்கான தேதியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனான்: 18 ஜனவரி 2009. அடுத்து நான் உட்கார்ந்தேன். சரத் பிறந்தது 2008 நவம்பர் 11. ஒரே கோட்டில் எட்டை ஒன்பதாக்கினேன். காட்பாடியில் பிரசவம் பார்த்த அந்த நர்சிங் ஹோமும் மூடியாகிவிட்டது. பிறப்பைப் பதிவு செய்கிற பொறுப்பை நீ கொடுத்திருந்தது என்னிடம், நான் போகவும் இல்லை. ஆகவே உலகத்தில் சரத்தின் பிறந்த தேதிக்கு ஒரே அத்தாட்சி என் பேனா.

உனக்குத் தெரிந்ததையே ஏன் எழுதுகிறேன் என்றால், அந்தத் தாளைப் பார்த்தால் நீங்கள் எல்லோரும் சேர்ந்து எல்லாவற்றையும் மறந்துவிட்ட மாதிரி இருக்கிறது. பிப்ரவரி ஆறாம் தேதி சாயங்காலம் ஜீடிமெட்லா பஸ் ஸ்டாப்பில் இரண்டு பிள்ளைகள் உன் வீட்டு ஸ்கூட்டரில் போய், மருந்துக் கம்பெனி வேலை முடிந்து நின்ற எலிசபெத் என்ற பெண்ணின் போனைப் பிடுங்கினார்கள். அவள் விடவில்லை. பின்னால் உட்கார்ந்திருந்தவன் ஹெல்மெட்டால் அவள் முழங்கையில் அடித்தான். எலும்பு நொறுங்கிவிட்டது. ஏழு வருடத்துக்குக் குறையாத தண்டனை உள்ள குற்றமாம். பதினாறு வயது முடிந்தவன் என்றால், அவனுக்குப் பெரியவனின் புத்தி இருந்ததா என்று வாரியம் சோதித்துப் பார்த்து, பெரியவனைப் போல விசாரிக்கப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பலாம். பதினாறு முடியாதவனுக்கு அந்தப் பேச்சே கிடையாது. மிஞ்சிப் போனால் மூன்று வருடம் சீர்திருத்தப் பள்ளி.

அன்று சீனுவுக்குப் பதினாறு வயது பத்தொன்பது நாள். சரத்துக்கு என் பேனா உபயத்தில் பதினைந்தே கால். அதனால் உன் பிள்ளை ஜாமீனில் வீட்டில் இருக்கிறான், சீனு கூர்நோக்கு இல்லத்தில் இருக்கிறான். சரத் தன்னைவிட இரண்டு மாதம் மூத்தவன் என்று சீனு தன் வக்கீலிடம் சொல்லிவிட்டானாம். வாரியம் பள்ளியில் கையெழுத்துப் போட்டவனைக் கூப்பிடுகிறது. போட்டவன் நான்.

தாளைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கையெழுத்து இல்லை. பின்பக்கம் வெறுமையாக இருந்ததால் மளிகைச் சாமான் எழுதிவிட்டேன். மன்னிக்கவும்.

இப்படிக்கு,
காலத்தைக் குறைக்கும்
ஜம்புநாதன்

—

மேற்கு மாரெட்பள்ளி
8 மார்ச் 2025

ஜம்பு அண்ணனுக்கு,

விஜயகுமாரி எழுதுவது. நலம் விசாரிக்கவில்லை. நீ நன்றாகத்தான் இருப்பாய்.

நம்பரை ப்ளாக் செய்ததைக் குத்திக் காட்டியிருந்தாய். போனில் நீ சொல்வது மறுநாள் வேறு கதையாகிவிடுகிறது. 'நான் எப்ப சொன்னேன்' என்பாய். எழுத்தில் இருந்தால் நீ மாற்ற முடியாது. அதனால்தான் தபால். உன் கடிதங்களை எல்லாம் ஒரு ஃபைலில் போட்டு வைக்கிறேன். அன்பினால் அல்ல.

2015 ஜூனில் நான் டைபாய்டில் படுத்திருந்தேன். அவருக்கு லீவு கிடைக்கவில்லை. நீ போனாய். திரும்பி வரும்போது ஜாங்கிரி வாங்கி வந்தாய். "விஜி, உன் பிள்ளைக்கு ஒரு வருஷம் லாபம் பண்ணிட்டு வந்திருக்கேன்" என்றாய். நான் காய்ச்சலோடு எழுந்து உட்கார்ந்து உன்னைத் திட்டினேன். நீ சிரித்தாய். உனக்கு ஞாபகம் இருக்காது, நீ அதையும் எங்காவது வேறு மாதிரி சொல்லிக்கொண்டிருப்பாய்.

அந்தப் பொய்யைப் பத்து வருடம் நான் சுமந்தேன் அண்ணா. ஆதாருக்கு அந்தத் தேதி. ரேஷன் கார்டுக்கு அந்தத் தேதி. பிறந்த நாள் கேக்கில் எத்தனை மெழுகுவத்தி என்று வருடா வருடம் குழப்பம். பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டிலும் அதுதான் அச்சாகி வந்திருக்கிறது. இத்தனை வருடத்தில் முதல் தடவையாக அந்தப் பொய் என் பிள்ளைக்கு ஒரு உபகாரம் செய்யப் போகிறது. இப்போதுதானா உனக்கு உண்மை பேசுகிற ஆசை வந்தது? மூவாயிரம் பேருக்காகத் திறந்த வாய் உன் சொந்தத் தங்கை மகனுக்கு மட்டும் திறக்காதா? அல்லது ஊர் சிரிக்க வேண்டும், அதற்கு நாங்கள் அகப்பட்டோமா?

உன் கதைகளை நான் ரசித்ததே இல்லை. சின்ன வயதில் அப்பா உன்னை அடிக்காமல் விட்டதுதான் காரணம். உன் பொய்யில் ஒரு தடவைகூட உனக்கு அடி பட்டதில்லை. பக்கத்தில் நின்றவர்களுக்குத்தான் பட்டது.

சரத் சாப்பிடுவதில்லை. எது கேட்டாலும் "தெலீது" என்று தெலுங்கில் ஒரு வார்த்தை, தெரியாதாம். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுகிறான். 21ஆம் தேதி முதல் பரீட்சை. மாடி வீட்டு சபீனா வந்து, "பரேஷான் நக்கோ ஹோ ஆண்ட்டி, பச்சா ஹை" என்று உருதுவில், கவலைப்படாதீர்கள், குழந்தைதானே என்று என் கையைப் பிடித்துச் சொன்னாள். அன்று சாயங்காலமே தன் பையனை சரத்தோடு சேர வேண்டாம் என்று உள்ளே கூப்பிட்டுக்கொண்டாள். குழந்தை என்று சொல்கிறவர்களும் கதவைச் சாத்தத்தான் செய்கிறார்கள்.

பெரிய கோர்ட்டு என்றால் ஏழு வருடம். அவன் வெளியே வரும்போது அவனுக்கு இருபத்து மூன்று. நீ கணக்கில் புலி, கழித்துப் பார்.

புதுத் தாள் வைத்திருக்கிறேன். பின்பக்கத்தில் நானே கோடு போட்டுவிட்டேன். கையெழுத்து மட்டும் போடு.

விஜயகுமாரி

—

லாலாகுடா
14 மார்ச் 2025

கோபத்தில் அழகாகத் தமிழ் எழுதுகிற தங்கைக்கு,

உன் கடிதம் வந்தது. 'அன்பினால் அல்ல' என்ற இடத்தில் நான் எழுந்து நின்று கைதட்டினேன். கீழ் வீட்டுக்காரர் பூகம்பம் என்று தெருவுக்கு ஓடினார்.

இந்த வாரம் முழுக்க உன் பிள்ளையின் வழக்கைத்தான் தேசமே விசாரிக்கிறது. பேரைச் சொல்லாமல், முகத்தை மங்கலாக்கி, டி.வி.யில் ஒருவர் மேஜையைக் குத்துகிறார்: "அடிக்கத் தெரிஞ்சவனுக்கு ஜெயில் தெரியாதா? பதினாலு வயசிலேயே பெரியவன்னு வையுங்க." அவருக்கு எதிரில் ஒரு அம்மாள், மூளையின் முன்பகுதி இருபத்தைந்து வயது வரை வளர்கிறது என்றார். நான் என் நெற்றியைத் தடவிப் பார்த்தேன். எனக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. மேஜையைக் குத்தியவருக்கு வளர்ந்து, காய்ந்து, உதிர்ந்தும் விட்டது. நடுவில் ஒரு மசாலாப் பொடி விளம்பரம் வந்தது. இருவருக்கும் அதுதான் தீர்ப்பு.

நான் ஜீடிமெட்லா போனேன். சொல்ல வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு, இரண்டு பஸ் மாறி, அந்த எலிசபெத் வீட்டைக் கண்டுபிடித்தேன். ஒரே அறை. கையில் கம்பி வைத்துக் கட்டியிருக்கிறார்கள். மாத்திரை அட்டை அடுக்குகிற வேலையாம். ஒற்றைக் கையால் அடுக்க முடியாது. நம் தமிழ்தான் பேசுகிறார்.

"நீங்க யாரு?"

"பையனோட மாமா."

"எந்தப் பையன்? வண்டி ஓட்டினவனா, அடிச்சவனா?"

நான் ஆரஞ்சுப் பழத்தைப் பார்த்தேன். வாய் உள்ளவன் என்று நாற்பது வருடமாக ஊரில் பேர் வாங்கியவன், விஜி. ஒரு பழத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவரே சொன்னார்: "ஒருத்தனுக்குப் பதினஞ்சாம், ஒருத்தனுக்குப் பதினாறாம். போலீஸ்காரங்க வந்து விளக்கினாங்க. என் முழங்கைக்கு அது புரியலைங்க." பிறகு, "பழத்தை எடுத்துட்டுப் போயிடுங்க, உரிக்க ஆள் இல்ல" என்றார். உரித்து வைத்துவிட்டுத்தான் வந்தேன். ஆறு பழத்தையும்.

இது கதை இல்லை. இனி வருவதும் இல்லை. ஆனால் என் கடிதத்தில் இருப்பதால் நீ நம்ப மாட்டாய், அது என் சம்பாத்தியம்.

திங்கட்கிழமை ரகுநாதன் வந்தான். ஷிஃப்ட் முடிந்து கிரீஸ் சட்டையோடு. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு என் வாசலை மூன்று முறை கடந்து போனான். நான் ஜன்னல் வழியாக எண்ணிக்கொண்டிருந்தேன். நான்காவது முறை உள்ளே வந்தான். சரத்தின் உண்மையான வயதைச் சொல்லும்படி என்னைக் கெஞ்ச வந்திருக்கிறான் என்று நினைத்தேன். பதிலும் தயாராக வைத்திருந்தேன், மிக அலங்காரமான பதில்.

"சார், அன்னைக்கு ஸ்கூல்ல நீங்க சொன்னீங்களே."

"என்ன சொன்னேன் ரகு?"

"குறைச்சுத் தர்றேன்னு. நான்தான் வேணாம்னுட்டேன்." நாற்காலியில் உட்காரவில்லை, சட்டை அழுக்காம். "இப்ப முடியுமா சார்? ஒரு வருஷமெல்லாம் வேணாம். இருபது நாள் போதும்."

நான் சிரிக்கவில்லை என்பதை எழுத்தில் பதிவு செய்கிறேன். நீ ஃபைலில் போட்டுக்கொள்.

"முடியாது ரகு" என்றேன். "சரிங்க சார்" என்றான். அவ்வளவுதான். அழுதுகொண்டே சைக்கிளை எடுத்தான். வயது குறைக்க வந்த மூவாயிரம் பேரில் என்னிடம் வெறும் கையோடு போனவன் அவன் ஒருவன்தான். அவன் செய்த குற்றம், மகன் பிறந்த தேதியை மாற்றாமல் எழுதியது. நான் செய்த புண்ணியம், மாற்றியது. உன் வக்கீல், வாரியம், டி.வி.க்காரர், மூளை அம்மாள் எல்லோரும் சேர்ந்து என் பேனாவுக்குக் கும்பிடு போட்டுவிட்டு அவன் பிள்ளையைப் பெரிய கோர்ட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். இவ்வளவு பெரிய நாடு, இவ்வளவு கனமான சட்டப் புத்தகங்கள். கடைசியில் ஒரு ஒர்க்‌ஷாப் குமாஸ்தா ஓய்வு நேரத்தில் போட்ட ஒரு கோட்டின் மேல் நின்றுகொண்டு நீதி வழங்குகிறார்கள். என்மேல் எனக்கு இருக்கிற அவமதிப்பு போதாதென்று இவர்கள் வேறு என்னை மதிக்கிறார்கள்.

புதுத் தாளிலும் கையெழுத்துப் போடவில்லை. மளிகையும் எழுதவில்லை.

ஜம்புநாதன்

—

மேற்கு மாரெட்பள்ளி
18 மார்ச் 2025

அண்ணா,

ரகுநாதன் அழுதார் என்று எழுதியிருக்கிறாய். அழுதாரா, இல்லை உன் கதைக்கு வேண்டும் என்று அழ வைத்தாயா? உன்னிடம் எதை நம்புவது என்று தெரியாமல் நானே பைத்தியமாகிவிட்டேன். அவரை எதற்கு வீட்டுக்குள் விட்டாய்?

ஒன்று சொல்கிறேன். இதை நான் சொல்லவே இல்லை என்று வைத்துக்கொள். போன வெள்ளிக்கிழமை சரத் பேசினான். பின்னால் உட்கார்ந்திருந்தவன் அவன்தான். ஹெல்மெட்டும் அவன் கையில்தான் இருந்தது. அந்த அம்மாள் போனை விட்டுவிடுவாள் என்று நினைத்தானாம். போலீஸ் கேட்டபோது இருவருமே வாய் திறக்கவில்லை. பஸ் ஸ்டாப் கேமராவில் முகம் தெரியவில்லை, எவன் அடித்தான் என்று அந்த அம்மாளாலும் அடையாளம் சொல்ல முடியவில்லையாம். சீனு இதுவரை காட்டிக் கொடுக்கவில்லை. மூத்தவன் யார் என்று மட்டும்தான் அவன் வக்கீல் கேட்டிருக்கிறார், அதற்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறான்.

வக்கீலிடம் சொன்னேன். "நீங்க எதுவும் கேக்கல மேடம், நானும் எதுவும் கேக்கல" என்றார். எவ்வளவு சுலபமாகச் சொன்னார் தெரியுமா. அவரைப் பார்க்கவே எனக்கு அருவருப்பாக இருக்கிறது. ஆனால் வாரத்துக்கு இரண்டு தடவை பார்க்கப் போகிறேன்.

அந்தப் பிள்ளை சீனு என் வீட்டில் சாப்பிட்டு வளர்ந்தவன். ரசம் என்றால் இரண்டு டம்ளர் வாங்கிக் குடிப்பான். எனக்கு வெட்கம் இல்லை என்று நினைக்காதே. இருக்கிறது. வெட்கத்தைப் பார்த்தால் என் பிள்ளை போய்விடுவான். நீ பிள்ளை பெறாதவன், உனக்கு நீதி பேசச் சுலபம்.

கையெழுத்துக்கூட வேண்டாம். 25ஆம் தேதி போய், 'ஞாபகம் இல்லை' என்று மட்டும் சொல். வயதாகிவிட்டது, ஞாபகம் இல்லை. உனக்கு அது பொய்யே இல்லை.

விஜி

—

21 மார்ச்
பரீட்சை மையத்துக்கு எதிர் டீக்கடை

விஜி,

தபாலை நம்பாமல் இதை உன் கதவிடுக்கில் செருகிவிட்டுப் போகிறேன்.

இன்று காலை இங்கே வந்து நின்றேன். ஏன் வந்தேன் என்று கேட்காதே. சீனுவை வேனில் கூட்டி வந்தார்கள், கூட ஒருவர் மஃப்டியில். ஒல்லியாகிவிட்டான். சரத் அவனைப் பார்த்தான். சீனு கையை லேசாகத் தூக்கினான், பரீட்சைக்கு முன்னால் தூக்குவார்களே அந்த மாதிரி. உன் பிள்ளை தரையைப் பார்த்துக்கொண்டு உள்ளே போய்விட்டான்.

முடிந்து வெளியே வந்ததும் சரத் நேராக என்னிடம் வந்தான். பரீட்சை எப்படி என்றேன். "வாடு நாகன்னா சின்னோடு, மாமா" என்றான். அவன் என்னைவிடச் சின்னவன். அவ்வளவுதான் சொன்னான், பாலச்சந்திரன் ஸ்கூட்டரை நிறுத்தியதும் போய் ஏறிக்கொண்டான்.

நீ கேட்டது 'ஞாபகம் இல்லை' என்ற இரண்டு வார்த்தை. என் வாழ்க்கையிலேயே இவ்வளவு சிறிய பொய்யை யாரும் என்னிடம் கேட்டதில்லை. என் தகுதிக்கு இது ரொம்பக் குறைவு.

ஜம்பு

—

23 மார்ச்

25ஆம் தேதி நீ தேதியைச் சொன்னால் எனக்கு அண்ணன் இல்லை. நான் செத்தாலும் வராதே.

உன் கடிதங்களை எல்லாம் வக்கீலிடம் கொடுத்திருக்கிறேன்.

வி.

—

லாலாகுடா
26 மார்ச் 2025

அண்ணன் இல்லாத தங்கைக்கு, தங்கை உள்ள ஜம்புநாதன் எழுதுவது.

நேற்று நீ வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாய். என்னைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் திரும்பினாய். உள்ளே நடந்ததை உன் வீட்டுக்காரர் ஒரு விதமாகச் சொல்லியிருப்பார், வக்கீல் வேறு விதமாகச் சொல்லியிருப்பார். என் விதத்தையும் கேட்டுவிடு. நம்பத்தான் வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

நான் உள்ளே நுழைந்ததும் கட்டடம் ஒரு முறை குலுங்கியது. வாரியத்தில் மூன்று பேர். நடுவில் மாஜிஸ்திரேட் அம்மாள். இரண்டு பக்கமும் இரண்டு உறுப்பினர்கள், ஒருவர் குழந்தைகளை நேசிக்கிறவர், இன்னொருவர் மதியச் சாப்பாட்டை நேசிக்கிறவர். நான் பரணிலிருந்த மூவாயிரம் வருடத்தையும் கோணிப்பையோடு இழுத்துக்கொண்டு போயிருந்தேன். வாசல் காவலர் பையைச் சோதித்தார். உள்ளே ஒரு கிழிந்த 1994ஆம் வருடம் மட்டும் அனுமதி இல்லை என்று எடுத்து வைத்துக்கொண்டார்.

சத்தியப் பிரமாணம் வாங்கினார்கள். "உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்ல மாட்டேன்" என்று நான் சொன்னதும் மின்விசிறி நின்றுவிட்டது. மூலையில் ஒரு பல்லி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மாஜிஸ்திரேட் அம்மாள் பள்ளி விண்ணப்பத்தைக் காட்டி, "இது உங்கள் கையெழுத்தா?" என்றார். அப்படி ஒரு கையெழுத்து இந்தப் பூமியில் இன்னொருவருக்கு வருமா என்று கேட்டேன். "பிறந்த தேதி சரிதானா?" என்றார்.

அப்போது உன் வக்கீல் எழுந்தார். என் கடிதங்களை எடுத்தார். இரண்டாவது பிரம்மா, மூவாயிரம் பிள்ளைகள், நரைக்காத முடி, காசிக்குப் போன தபால், எல்லாவற்றையும், எட்டை ஒன்பதாக்கிய இடத்தை மட்டும் தாண்டிவிட்டு, ஏற்ற இறக்கத்தோடு படித்தார். மனிதர் நன்றாகவே படிக்கிறார்; நான் எழுதியது எனக்கே பிடித்துப் போயிற்று. "கனம் வாரியம் அவர்களே, இந்த மனிதர் வாயிலிருந்து வரும் எந்தத் தேதியை நாம் நம்புவது?" என்றார். சாப்பாட்டை நேசிக்கிறவர் மேஜையைத் தட்டிச் சிரித்தார். பாலச்சந்திரன் தன் வாழ்க்கையிலேயே முதல் முறையாக வேளை பார்த்துச் சிரித்தார். சிரிப்புச் சத்தத்தில் பக்கத்து அறை ஃபைல்கள் எல்லாம் தாமாகவே தீர்ந்து கட்டுக்கட்டாக வெளியே நடந்து போயின. கட்டடத்தின் மேல் பறந்த புறாக்கள் திசை தப்பி விகாராபாத் போய்ச் சேர்ந்தன.

நீ அந்தக் கடிதங்களைக் கொடுத்ததில் எனக்கு வருத்தம் இல்லை. பிள்ளைக்காகக் கையில் அகப்பட்டதை எடுத்து அடித்தாய். அகப்பட்டது நான்.

சிரிப்பு அடங்கியபின் நான் 2008 நவம்பர் 11 என்று சொன்னேன். செவ்வாய்க்கிழமை, காலை ஆறு இருபது, காட்பாடி. யார் மனத்திலும் ஏறவில்லை. பள்ளிக் காகிதம்தான் முதல் சாட்சி என்று உன் வக்கீல் சட்டத்தைக் காட்டினார். வாரியமும் தலையாட்டியது. அறுபத்தேழு வயதில் முதல் முறையாக அரசாங்கத்துக்கு முன்னால் நிஜம் பேசினேன், குப்பைக் கூடையில் போட்டார்கள். நியாயமான இடம்தான், அங்கே போகட்டும். நீ நிம்மதியாக மூச்சு விட்டிருக்கலாம்.

விஜி, புறா, பல்லி, கோணிப்பை எல்லாம் என் கைச்சரக்கு. மின்விசிறி ஏற்கெனவே ஓடவில்லை. வக்கீல் படித்ததுகூட அவ்வளவு நன்றாக இல்லை, நான்தான் மெருகேற்றினேன். உன்னிடம் வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு சின்ன இடம் மட்டும் நிஜம். அதை உன் வீட்டுக்காரர் சொல்லியிருக்க மாட்டார், வக்கீலும் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுதுகிறேன், இதில் ஒரு எழுத்தும் நான் கூட்டவில்லை.

என்னைப் போகச் சொன்னார்கள். நான் எழுந்தேன். பின்னால் உட்கார்ந்திருந்த சரத்தும் எழுந்தான். யாரும் அவனைக் கேட்கவில்லை. "மாமா சொன்ன தேதிதான் மேடம். நான்தான் பெரியவன். பின்னாடி உட்கார்ந்திருந்ததும் நான்தான்" என்றான். தமிழில் சொன்னான், வீட்டில்கூடப் பேசாத தமிழில். பாலச்சந்திரன் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தார். அவன் உட்காரவில்லை.

மாஜிஸ்திரேட் அம்மாள் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "இதைச் சொன்னா இனிமே உனக்கு என்ன ஆகும்னு புரியுதாப்பா?" என்று கேட்டார்.

"ஹவ் மேடம்" என்றான். ஆமாம், புரிகிறது.

அவர் பேனாவை எடுத்து அதை எழுதிக்கொண்டார்.

ஜம்புநாதன்